முப்பத்து நாலு கடைகள்

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு மணி அடித்தபோது, மூன்றாம் வகுப்பில் முப்பத்து நாலு கடைகள் திறந்தபடியே கிடந்தன. ஜும்ஆவுக்காகப் பள்ளிக்கூடம் நேரத்தோடு விடுகிற நாள். மணிச் சத்தம் அடங்குமுன்னே பையன்கள் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாசலுக்குப் பாய, பெண்பிள்ளைகள் கொப்பிகளைக் கொண்டுவந்து மேசையில் குவித்தார்கள். சித்தி றலியா டீச்சர் கையில் சோக்கட்டியோடு நின்று, திங்கட்கிழமை வந்ததும் எல்லோரும் கடையைப் பூட்டியாக வேண்டும், மறக்கப்படாது என்று அந்த இரைச்சலுக்கு மேலால் கத்திப் பார்த்தாள். கொப்பியை வைத்துவிட்டுக் கடைசியாகப் போன கைரியா வாசலில் நின்று திரும்பினாள். திங்கட்கிழமை பௌர்ணமி, போயா விடுமுறை என்று அவள் சொன்ன பிறகுதான் டீச்சருக்கே அது ஞாபகம் வந்தது. அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை பூட்டுவோம் என்றாள்.

"அது வரைக்கும் கடை தொறந்தா ஈக்கும், டீச்சர்?"

"ஓ. ஈக்கட்டும்."

கைரியா கொஞ்சம் யோசித்தாள். எட்டு வயதுக்கு அவள் யோசிப்பது அதிகம். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கடை என்றது கதையைத்தான். இதற்கு ஒரு வரலாறு உண்டு. ஜனவரியில் மாற்றம் கிடைத்து அக்குறணைக்கு வந்த புதிதில், றலியா ஆசிரியர் கலாசாலையில் படித்ததையெல்லாம் அப்படியே கொண்டுவந்து கரும்பலகையில் கொட்டினாள். தொடக்கம், வளர்ச்சி, உச்சம், முடிவு. நான்கு நிறத்தில் நான்கு கட்டம் போட்டு அம்புக்குறி இழுத்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிள்ளைகளும் அதைக் கொப்பியில் வரைந்து நிறம் தீட்டி ஓரத்தில் பூவெல்லாம் வைத்தார்கள். ஆனால் கதை எழுதச் சொன்னால், ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார், அவருக்கு ஒரு மகன் இருந்தான், முற்றும். ஒரு மாதம் முழுக்க ராஜாக்கள் இப்படி இரண்டாம் வரியிலேயே முடிந்துபோனார்கள். ஒரு நாள் வெறுத்துப்போய் சோக்கைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் வாப்பா காலையில் கடைக்குப் போய் முதலில் என்ன செய்வார் என்று கேட்டாள்.

அக்குறணையில் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத பிள்ளை கிடையாது. வகுப்பில் பாதிப் பேருக்கு வாப்பா கடை முதலாளி, மீதிப் பேருக்கு வாப்பா அந்தக் கடைகளில் வேலைக்கு நிற்பவர். ஷட்டரைத் திறப்பார் என்று வகுப்பே கத்தியது. திறந்தவுடன் வியாபாரமா? இல்லை, ஆள் வரவேண்டும். எப்படிப்பட்ட ஆள்? கேட்டதை வாங்கிக்கொண்டு பேசாமல் போகிற ஆளைப் பற்றி வாப்பா வீட்டில் வந்து கதைப்பாரா? மாட்டார். கடையில் இல்லாத சாமானைக் கேட்கிறவர், நேற்று வாங்கியதை இன்றைக்குத் திருப்பிக் கொண்டு வருகிறவர், வந்தால் போகவே போகாதவர், இவர்களைப் பற்றித்தான் சாப்பாட்டு மேசையில் பேச்சு. சரி, பின்னேரம்? பூட்டுவார். ஆள் உள்ளே நிற்கும்போதே பூட்டலாமா? வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. பூட்டினால் அந்த ஆள் உள்ளே கிடந்து கத்துவாரே, டீச்சர்.

அன்றிலிருந்து நான்கு கட்டமும் போயிற்று, அம்புக்குறியும் போயிற்று. திறக்கிறது, ஆள் வாறது, பூட்டுறது. சட்டம் ஒன்றே ஒன்று. உள்ளே வந்த ஆளுக்கு ஒரு பதில் சொல்லி அனுப்பாமல் கடையைப் பூட்டக் கூடாது. பிள்ளைகள் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். பாடசாலைக்கு வந்த ஆசிரிய ஆலோசகர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று விசாரித்தார். பஸாரில் என்று சொல்ல வாய் வரை வந்ததை றலியா விழுங்கிக்கொண்டாள்.

இந்தத் தடவை முழுக் கதை. வியாழன் திறப்பது, வெள்ளி ஆள் வருவது, திங்கள் பூட்டுவது என்று மூன்று நாளாகப் பிரித்திருந்தாள். போயாவை மறந்ததில்தான் எல்லாம் கோணிக்கொண்டது.

றலியாவின் வீடு கடுகண்ணாவையில், ரயில் பாதைக்கு மேலே. கண்டியில் பஸ் மாறி வரவேண்டும். வாப்பா மௌத்தாகி ஆறு வருடம் ஆகிறது. வீட்டில் அவளும் உம்மா ஹவ்வா உம்மாவும் மட்டும். சனிக்கிழமை காலை மழை தூறிக்கொண்டிருக்க, முன் அறையில் கதிரையைச் சன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு கொப்பிகளைத் திருத்தத் தொடங்கினாள். நன்றாகத்தான் போயிற்று. ஹபீலின் கடைக்கு ஒரு சிங்கம் வந்து பிளேன்டீ கேட்டது. றிஸ்வியின் கடைக்கு வந்தவர் ஆணியில் பாதி மட்டும் போதும் என்று நின்றார். ஒன்பது பேரின் கடைக்குக் கள்ளன் வந்திருந்தான், அதில் மூன்று கள்ளன்களுக்கு றிஸ்வியின் பெயர். தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தவளின் கை, கைரியாவின் கொப்பியில் வந்து நின்றுவிட்டது.

அதில் இப்படி இருந்தது:

"திறக்கிறது. எங்கள் வீடு கடைக்குப் பின்னால் இருக்கிறது. வீட்டில் உம்மா, வாப்பா, நான் ஆகிய மூன்று பேர் இருக்கிறோம். ஆள் வாறது. உம்மா பெரிய பெட்டி ஒன்று வாங்கினார். அதில் உடுப்பு அடுக்கினார். பாஸ்போட்டும் வைத்தார். கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார். வாப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று சொன்னார். நான் சொல்லவில்லை."

அவ்வளவுதான். கீழே பாதிப் பக்கம் வெறுமையாக இருந்தது.

றலியா அதை நாலு தரம் படித்தாள். ஐந்தாம் தரம் படிக்கத் தைரியம் வரவில்லை. ஏனென்றால் அந்தப் பெட்டியை அவளுக்குத் தெரியும். அப்போது அவளும் மூன்றாம் வகுப்பில்தான் இருந்தாள். பச்சை நிறப் பெட்டி. உம்மா அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, வாப்பாவுக்குச் சொல்லாதே என்று வாயில் விரலை வைத்துக் காட்டினார். உம்மாவும் தானும் மட்டும் அறிந்த ரகசியம் என்று அந்தச் சின்னவளுக்கு ஒரே பெருமை. ஒரு கிழமையாக அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாள். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கட்டிலுக்குக் கீழே பெட்டியும் இல்லை, வீட்டில் உம்மாவும் இல்லை. குவைத்துக்குப் போய்விட்டதாக மாமி வந்து சொன்னார். வீட்டு நிலைமை அப்படி, வாப்பாவிடம் கேட்டால் விடமாட்டார் என்று பயந்துதான் போனார் என்பதெல்லாம் பிற்பாடு விளங்கியது. எட்டு வயதுக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான். நான் சொல்லியிருந்தால் உம்மா போயிருக்க மாட்டார். போதாக்குறைக்கு அன்றைக்குக் கொடியில் காயப்போட்டிருந்த அவளுடைய மஞ்சள் கவுனையும் காணோம். இருக்கிற நல்ல கவுன் ஒன்றையும் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறாள் என்று மாமி ஒரு மாதமாக ஏசினார். நாலு வருடம் கழித்து உம்மா திரும்பி வந்தார். சொக்லட் கொண்டு வந்தார், ரேடியோ கொண்டு வந்தார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, இவளும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு அப்படிச் சட்டம் போடுகிற டீச்சர், தன் கடையை மட்டும் ஆளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு இருபத்து மூன்று வருடமாக வெளியே நடமாடிக்கொண்டிருந்தாள்.

என்ன செய்வதென்று தெரியவில்லை. கைரியாவின் வாப்பா மஹ்ரூப்பை அவளுக்குத் தெரியும், பஸார் நடுவில் ஹாட்வெயார் கடை. அவரிடம் சொன்னால் ஒரு குடும்பத்தில் நெருப்பு வைத்த பாவம் வந்து சேரும். சொல்லாவிட்டால், செவ்வாய்க்கிழமை அந்தப் பிள்ளை வந்து கடையை எப்படிப் பூட்டும்? இது ஃபோனில் கேட்கிற விஷயமும் இல்லை. பகல் சோறு இறங்கவில்லை. என்ன உடம்புக்கு என்று உம்மா கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தவள், என்ன நினைத்தாளோ, கொப்பியை எடுத்து அந்தப் பக்கத்தை வாசித்தாள். வாசித்து முடிந்த பிறகுதான், யாருக்கு முன்னால் எதை வாசித்திருக்கிறோம் என்று உறைத்தது.

 ஹவ்வா உம்மா பீங்கானில் இருந்த சோற்றை விரலால் ஒரு பக்கம் ஒதுக்கினார், பிறகு மறு பக்கம் ஒதுக்கினார்.

"போய்ப் பாரு, மக. அண்டைக்கு ஒராள் வந்து, என்னத்துக்கு இந்தப் பெட்டி எண்டு ஒரு சொல்லுக் கேட்டீந்தா, நான் போயீக்க மாட்டேன்."

எழுந்து கை கழுவப் போய்விட்டார். அவர் போன பிறகும் றலியா பீங்கானுக்கு முன்னாலேயே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அக்குறணை பஸாரில் இறங்கியபோது, வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சில் பாதி மறந்துபோயிருந்தது. கைரியா நன்றாக எழுதுகிறாள், அதைச் சொல்லிவிட்டுப் போக வந்தேன் என்று ஆரம்பிப்பதாகத் திட்டம். விடுமுறை நாளில் இரண்டு பஸ் ஏறி வந்து ஒரு டீச்சர் சொல்கிற செய்தியா அது என்று எவரும் கேட்பார். கேட்டால் அதற்கு மேல் என்ன சொல்வது என்று அவள் யோசித்திருக்கவில்லை.

மஹ்ரூப் கடையிலேயே அவளைக் கண்டுவிட்டார். டீச்சர் வந்திருக்கிறார் என்று பெரிய சந்தோஷம். வேலையாளைக் கடையில் விட்டுவிட்டுத் தானே பின்பக்கம் அழைத்துக்கொண்டு போனார். வீட்டுக்குள் விடுவதற்கு முன் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிச் சென்றார். அங்கே ஓயா என்கிற ஆற்றை ஒட்டி, ஆள் உயரத்துக்கும் மேலாக ஒரு கொங்கிரீட் சுவர். அந்த வீட்டுக்கு யார் போனாலும் முதலில் இந்தச் சுவரைப் பார்த்தாக வேண்டும் போலிருக்கிறது.

"இந்தச் சொவரப் பாருங்க, டீச்சர். என்ட கடச் சீமெந்து. ரெண்டு மாசம் நானே கூட நிண்டு கட்டினது. தண்ணி இல்ல, யான வந்தாலும் நிக்கும்."

றலியா நல்ல சுவர் என்றாள். சுவரைத் தட்டிக் காட்டியபோது மனிதரின் முகத்தில் இருந்த பெருமையை நேராகப் பார்க்க முடியாமல் அவள் பார்வையைச் சுவரிலேயே வைத்துக்கொண்டாள். இந்த மனிதருக்கு ஒன்றுமே தெரியாது. வீட்டின் பின்பக்கம் மேல் மாடிக்குப் போகிற படிக்கட்டின் உச்சியில், தார்ப்பாய் போர்த்தி ஒரு பெரிய நீலப் பீப்பா நின்றது. எதையாவது பேச வேண்டுமே என்று அது என்ன என்று கேட்டாள். சரக்கு, கடைச் சரக்கு என்று அவசரமாகச் சொல்லிவிட்டு மஹ்ரூப் அவளை உள்ளே அழைத்துப்போனார். டீச்சர் வந்திருக்கிறார் என்று சகீனாவுக்குக் குரல் கொடுத்துவிட்டுக் கடைக்குத் திரும்பினார்.

சகீனாவுக்கு றலியாவின் வயதுதான் இருக்கும். மெலிந்த உடம்பு. தேத்தண்ணீர்த் தட்டைக் கொண்டுவந்து வைக்கும்போது கொஞ்சம் மூச்சிரைத்தது. மழைக்காலம் வந்தால் தனக்கு இழுப்பு என்று தானாகவே சொன்னாள். கைரியா மாமி வீட்டுக்குப் போயிருந்தாள், அது ஒரு விதத்தில் நல்லதாயிற்று. கைரியாவின் எழுத்தைப் பற்றி மூன்று வசனம் பேசி முடித்ததும் றலியாவின் கையிருப்புத் தீர்ந்துவிட்டது. தேத்தண்ணீரைக் குடித்தாள். பிஸ்கட்டைக் கடித்தாள். கடைசியில் வெட்கத்தை விட்டு, நீங்கள் வெளிநாடு போகிற யோசனையில் இருக்கிறீர்களா என்று கேட்டேவிட்டாள்.

"வெளிநாடா? நானா?" சகீனா வாயில் கையை வைத்தாள். "எனக்குக் கண்டிக்குப் போனாலே பஸ்ஸில தல சுத்துது, டீச்சர். யாரு செல்லிய?"

யாரும் சொல்லவில்லை. றலியா பையிலிருந்து கொப்பியை எடுத்து, விரித்துக் கொடுத்தாள். சகீனா வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் முகம் சிவந்தது. சட்டென்று எழுந்து கடைப் பக்கத்துக் கதவை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, டீச்சரின் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். குனிந்து கட்டிலுக்குக் கீழிருந்து பெட்டியை இழுத்தாள். கறுப்புப் பெட்டி, புதிது, சில்லு வைத்தது.  பெட்டி இருக்கிறது. பிள்ளை பொய் எழுதவில்லை.

சகீனா மூடியைத் திறந்தாள்.

மேலே இரண்டு சாரம் மடித்து வைத்திருந்தது. பெரிய கட்டம் போட்ட, ஆம்பிளைகள் உடுத்துகிற சாரம். பக்கத்தில் ஒரு பெரிய பனியன். சவரக் கத்தி. பிரஷர் மாத்திரை இரண்டு அட்டை, மஹ்ரூப்பின் பெயர் எழுதிய மருந்து உறையோடு. அதற்குக் கீழேதான் கைரியாவின் கவுன்கள், சகீனாவின் சல்வார், துணியில் சுற்றிய குர்ஆன், பிளாஸ்டிக் பையில் வீட்டு உறுதிப் பத்திரமும் பிறப்புச் சான்றிதழ்களும் மூன்று பாஸ்போட்டும், ஒரு டோர்ச், மூன்று பக்கட் கிறீம் கிறேக்கர்.

மீதியைச் சகீனா சொல்லாமலே றலியாவுக்கு முக்கால்வாசி விளங்கிவிட்டது. விட்டுவிட்டுப் போகிற பொம்பிளை எவளாவது புருஷனின் சாரத்தை மடித்து எடுத்துக்கொண்டு போவாளா? மனதில் ஒரு நாளும் ஓர் இரவும் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் புரண்டு விழுந்தது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் ஏதோ ஒன்று வந்தது. அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று நாலைந்து தரம் சொன்னாள். சகீனா பயந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தாள்.

தண்ணிப் பெட்டி என்றாள் சகீனா. ஓயா பெருகினால் பத்து நிமிடத்தில் பஸாருக்குள் வந்துவிடும், அப்போது ஓடி ஓடிச் சாமான் தேட முடியாது, ஆகவே மழைக்காலம் தொடங்கினால் ஓயாவை ஒட்டிய வீடுகளில் எல்லாம் இப்படி ஒரு பெட்டி கட்டி வைத்திருப்பார்கள். அக்குறணையில் பிறந்த எவளிடம் இந்தக் கொப்பியைக் காட்டியிருந்தாலும் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். தண்ணீர் வரும் என்று ஆசிரியர் அறையில் பேசுவதை றலியாவும் கேட்டிருக்கிறாள்தான். ஆனால் கடுகண்ணாவைக்காரிக்குத் தண்ணீர் என்றால் கீழே ஓடிப்போகிற சாமான், வீட்டுக்குள் ஏறி வருகிற சாமான் அல்ல.

அப்படியென்றால் வாப்பாவிடம் சொல்லாதே என்றது ஏன்? அதைக் கேட்டதும் சகீனா குரலைத் தாழ்த்தினாள்.

"பெட்டி கட்டினா அவர்ட சொவர நான் நம்பல்ல எண்டு ஆகுமே, டீச்சர். ரெண்டு மாசம் கொத்தனோட வெயில்ல நிண்டு கட்டின மனிசன். நான் நம்புறேன். தண்ணிக்குத்தானே அது தெரியா."

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். சத்தம் கடைக்குக் கேட்டுவிடும் என்று சகீனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. பகல் சாப்பிடாமல் விடமாட்டேன் என்று ஒரே பிடி. மஹ்ரூப்பும் வந்து சேர்ந்து சாப்பிட்டு, டீச்சருக்குச் சுவரின் அத்திவாரம் எவ்வளவு ஆழம் என்று விளக்கினார். றலியா அவருடைய முகத்தையும் பார்த்தாள், சோறு போட்ட சகீனாவின் முகத்தையும் பார்த்தாள், எல்லாவற்றுக்கும் நன்றாகவே தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் நடந்ததைச் சொன்னாள். ஹவ்வா உம்மா பொறுமையாகக் கேட்டார். பெட்டியைத் திறந்ததும் மேலே சாரம் இருந்தது என்ற இடத்தில் அவருடைய கையிலிருந்த அகப்பை சட்டிக்குள் நின்றது. அப்படியா என்றார்.  அன்றைக்குக் கறிக்கு உப்பு கூடிவிட்டது.

செவ்வாய்க்கிழமை முதல் பாடம் தமிழ். முப்பத்து நாலு பேரும் கடையைப் பூட்டினார்கள். சிங்கத்துக்குப் பிளேன்டீயில் சீனி போதவில்லை, அதனால் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டது. பாதி ஆணி கேட்டவருக்கு றிஸ்வி முழு ஆணியைக் கொடுத்து, மீதியை நாளைக்குத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லிவிட்டான். யார் வாசிக்கிறீர்கள் என்று கேட்டபோது கைரியாவின் கை முதலில் உயர்ந்தது. தண்ணிப் பெட்டிதானே, என்ன வந்துவிடப் போகிறது என்று றலியா சரி என்றாள். கைரியா எழுந்து நின்று கொப்பியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். திறந்ததையும் ஆள் வந்ததையும் ஓட்டமாக வாசித்துவிட்டு, பூட்டுகிற இடத்துக்கு வந்ததும் குரலை உயர்த்தினாள்.

"பூட்டுறது. வாப்பாவும் ஒரு நீலப் பீப்பா வைத்திருக்கிறார். அது மாடிப்படியில் இருக்கிறது. அதற்குள் உம்மாவுடைய மூச்சுப் பம்ப் இரண்டும், உம்மாவுக்குக் குளிருக்குப் போர்க்கப் புதுச் சால்வையும், என்னுடைய மழைக்கோட்டும், மெழுகுதிரியும் இருக்கின்றன. உம்மாவிடம் சொல்ல வேண்டாம், பயப்படுவார் என்று சொன்னார். நான் சொல்லவில்லை. ஒரு நாள் தண்ணீர் வந்தது. சுவருக்கு மேலால் வந்தது. உம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார். வாப்பா அங்கே நின்று பீப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு நாங்கள் மூன்று பேரும் பிஸ்கட் சாப்பிட்டோம். நான் யாருக்கும் சொல்லவில்லை. கடை பூட்டியாச்சு."

 றலியாவுக்கு அந்தத் தார்ப்பாயும் மஹ்ரூப்பின் அவசரமும் கண்ணுக்கு முன் வந்தன. பின் வரிசையிலிருந்து றிஸ்வி எழுந்தான். இப்போது எங்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டாயே என்று நியாயம் கேட்டான்.

"இது கத, றிஸ்வி" என்றாள் கைரியா, அவனுக்கு விளங்கப்படுத்துகிற பொறுமையோடு. "கதையில செல்லலாம்."

டீச்சர் என்ன சொல்லப்போகிறார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.  றலியா கொப்பியை வாங்கி மேசையில் வைத்து, ஒரு நட்சத்திரம் போட்டாள். பிறகு பக்கத்தில் இன்னொன்றும் போட்டாள்.

பஸார் என்றால் பஸார்தான். பள்ளிக்கூடம் விட்டு அரை மணித்தியாலத்தில் செய்தி கடை கடையாகப் போய்விட்டது. றலியா ஏறிய பஸ் ஹாட்வெயார் கடைக்கு முன்னால் வாகன நெரிசலில் நின்றபோது, எதிர்க் கடைக்காரர் ஒருவர் வாசலில் நின்று, பீப்பாவில் பிஸ்கட் மிச்சம் இருக்கிறதா, மஹ்ரூப் நானா என்று கேட்பது சன்னல் வழியாகக் கேட்டது.  மஹ்ரூப் குனிந்து தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் தேவையில்லாத தராசு அது. அவருக்குப் பின்னால், வீட்டுக்குப் போகிற கதவடியில் சகீனா கையில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்றாள். வழமையாக அந்த நேரத்தில் அவள் கடைப் பக்கம் வருவதில்லை. பஸ் நகர்ந்துவிட்டது.

கடுகண்ணாவையில் இறங்கும்போது நல்ல மழை பிடித்துக்கொண்டது. படியேறி வீட்டுக்கு வந்து, நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, உள்ளே நுழையுமுன்னே கைரியாவின் கதையைச் சொல்லத் தொடங்கினாள். சுவருக்கு மேலால் தண்ணீர் வந்த இடத்தில் ஹவ்வா உம்மா சிரித்தார். மூச்சுப் பம்ப் என்ற இடத்தில் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். கதை முடிந்ததும் எழுந்து தன் அறைக்குப் போனார். அலுமாரிக்கு மேலிருந்து எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. என்ன செய்கிறார் என்று றலியா எட்டிப் பார்த்தாள். இத்தனை வருடமாகத் தூசு பிடித்துக் கிடந்த அந்தப் பச்சைப் பெட்டி கட்டிலில் திறந்திருந்தது. அடியில் விரித்திருந்த பழைய பேப்பரை உம்மா விலக்கினார். விலக்கி, ஒரு மஞ்சள் துணியை வெளியே எடுத்தார்.

அவளுடைய கவுன். றலியா கட்டிலருகே வந்தாள். கழுத்துப் பட்டியில் அந்த மைக் கறை அப்படியே இருந்தது. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளை பேனையை உதறியதில் பட்ட கறை.

"கொடியில ஈந்து நான்தான் எடுத்தேன்" என்றார் உம்மா. "நாலு வருஷமும் தலவாணிக்குக் கீழ வெச்சிக்கொண்டுதான் படுத்தேன்."

"ஏன் உம்மா செல்லல்ல?"

"நீ கேக்கல்லயே, மக. நீ கேட்டா அழுதிருவேன் எண்டு நானும் பேசாம ஈந்திட்டேன்."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழவில்லை. அழுவதற்கு உரிய காலம் எப்போதோ போய்விட்டது போலவும், அதனால் பாரம் ஒன்றும் மிச்சமில்லாதது போலவும் றலியாவுக்கு இருந்தது. நான் சொல்லியிருந்தால் என்று இத்தனை வருடமாக உள்ளே நின்று கத்திக்கொண்டிருந்த அந்த எட்டு வயதுக்காரி சத்தத்தை நிறுத்திவிட்டாள். உடம்பு லேசாகிப் பசி எடுத்தது. கீழே கொழும்பு ரயில் மழைக்குள்ளால் மூச்சு வாங்கி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

ஹவ்வா உம்மா கவுனை உதறினார். அதன் இரண்டு தோளையும் விரலால் பிடித்து உயர்த்தி, முப்பத்தொரு வயது மகளின் நெஞ்சில் வைத்து, தலையைச் சாய்த்து, அளவு பார்த்தார்.